சாக்காடு முதல் வாரானை வரை: தொழிற்பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் இலக்கணம் சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்ததும் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பலவகை: உயர்நிலை மாணவர்கள், தொடக்கநிலைப் பிள்ளைகளின் பெற்றோர், அலுவலகத்தில் தமிழ் அறிவிப்பு எழுதும் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள். ஆனால் தொழிற்பெயர் என்று வந்தால் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தாம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. தொழிற்பெயர் என்றால் என்ன? வினைச்சொல்லிலிருந்து அதை எப்படிப் பிரித்து அறிவது?

செயலுக்கு வைத்த பெயர்தான் தொழிற்பெயர். 'ஓடினான்' என்று சொன்னால் ஓடியது ஆண், ஓடி முடித்தாயிற்று என்ற செய்திகளும் கூடவே வருகின்றன. 'ஓட்டம்' என்றால் ஆளும் இல்லை, காலமும் இல்லை. செயல் மட்டும் நிற்கிறது. பெயராகிவிட்டதால் ஓட்டத்தை, ஓட்டத்தால், ஓட்டத்துக்கு என்று வேற்றுமை உருபையும் ஏற்கும். காலம் காட்டாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நிலப் போக்குவரத்து ஆணையம் என்ற பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். அமைப்பு, வளர்ச்சி, போக்கு, வரத்து எல்லாம் தொழிற்பெயர்கள். விமான நிலையத்தில் கடப்பிதழை நீட்டும் இடத்தில் 'குடிநுழைவு' இருக்கிறது. அதிலுள்ள 'நுழைவு'ம் அதே இனம்.

2. மொத்தம் எத்தனை விகுதிகள்? என் மகன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வினையின் கடைசியில் ஒட்டி அதைப் பெயராக்கும் பகுதிதான் இங்கே விகுதி. மரபிலக்கணத்தில் வழக்கமாகத் தரப்படும் பட்டியல் 19 விகுதிகள் கொண்டது: தல், அல், அம், ஐ, கை, வை, கு, பு, உ, தி, சி, வி, உள், காடு, பாடு, அரவு, ஆனை, மை, து. எடுத்துக்காட்டுகளும் கூடவே வரும்: நடத்தல், ஆடல், ஆட்டம், கொலை, செய்கை, பார்வை, போக்கு, நட்பு, வரவு, மறதி, உணர்ச்சி, கல்வி, விக்குள், சாக்காடு, கோட்பாடு, தோற்றரவு, வாரானை, நடவாமை, நடந்தது.

இதை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் 'பயிற்சி'யில் உள்ள வினை எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பட்டியல் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. 'பயிற்சி'க்குள் 'பயில்' இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு வேடிக்கையும் உண்டு. 'விகுதி' என்ற சொல்லே 'தி'யில் முடிந்து தொழிற்பெயர்போல வேடம் போடுகிறது. உண்மையில் அது 'விக்ருதி' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்.

3. 'தேர்வு', 'தேர்தல்' இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்தவை என்கிறீர்கள். அப்படியானால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாமா?

போட்டுப் பாருங்கள். 2025 மே 3ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்தது பொதுத் தேர்தல். அதைப் 'பொதுத் தேர்வு' என்று எழுதினால் வாக்காளர்கள் எல்லாரும் பேனாவும் அழிப்பானும் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். 'தேர்' என்ற வினை ஒன்றுதான். அது 'தல்' ஏற்றால் வாக்களிப்பு, 'வு' ஏற்றால் பரீட்சை, 'சி' ஏற்றால் அந்தப் பரீட்சையில் பிள்ளை பெறும் தேர்ச்சி. மூன்றையும் தனித்தனி வேலைக்கு வழக்கு பிரித்துக் கொடுத்துவிட்டது.

'வா' என்ற வினையையும் பாருங்கள். சிறப்பு விருந்தினர் விழாவுக்கு வருவது வருகை. கணக்குப் புத்தகத்தில் செலவுக்கு எதிரே எழுதுவது வரவு. சந்தைக்குக் காய்கறி வருவது வரத்து. அந்தச் 'செலவு'கூடப் பழைய இலக்கியத்தில் பயணத்தைத்தான் குறித்தது, செல்லுதல் என்ற நேர்ப்பொருளில். இன்று காசு மட்டுமே செல்கிறது.

4. எந்த வினையோடு எந்த விகுதி சேரும் என்பதற்கு விதி இல்லையா?

'தல்' ஏறக்குறைய எல்லா வினையோடும் சேரும். எதிர்மறைக்கு 'மை'யும் அப்படியே: செய்யாமை, பேசாமை, வராமை. மற்றவற்றுக்கு வழக்குதான் விதி. மறதி உண்டு, 'நினைதி' இல்லை. பார்வை உண்டு, 'கேள்வை' இல்லை. உணர்வு, உணர்ச்சி இரண்டும் உண்டு. அறிவு உண்டு, 'அறிச்சி' இல்லை. ஏன் என்று கேட்டால் காது ஒப்பவில்லை என்பதைத் தவிர நேர்மையான பதில் கிடையாது. நிறையப் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் காது தானாக வந்துவிடுகிறது. பயிற்சித்தாள் கட்டு கட்டாகச் செய்யும் பிள்ளைக்கு வருவதில்லை.

5. 'கூட்டம் நடத்தல்' சரியா, 'கூட்டம் நடத்துதல்' சரியா?

இரண்டாவதுதான் சரி. 'நட' என்ற வினைக்கு நடத்தல். 'நடத்து' என்ற வினைக்கு நடத்துதல். கூட்டம் தானாக நடந்தால் முன்னது, செயலாளர் நடத்தினால் பின்னது.

6. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லையே? வினையோடு 'இங்' சேர்த்தால் முடிந்தது!

அந்த 'இங்' நம் 'தல்' மாதிரி, எல்லாவற்றோடும் ஒட்டும். மற்றபடி அங்கும் நம் கதைதான். 'அரைவ்' என்பது 'அரைவல்' ஆகிறது, 'ரெஃப்யூஸ்' என்பது 'ரெஃப்யூசல்' ஆகிறது. ஆனால் 'டிசைட்' வினையை 'டிசைடல்' ஆக்கினால் ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுப்பார். 'லாஃப்' என்பதற்கு 'லாஃப்டர்' உண்டு. அதே வாலை 'ஸ்மைல்' என்பதோடு ஒட்ட முடியாது.

ஒரே ஒரு தொடரில் மட்டும் ஒதுங்கிப் பிழைத்திருக்கும் தொழிற்பெயர்களும் ஆங்கிலத்தில் உண்டு. 'ரிட்' என்ற வினையிலிருந்து வந்த 'ரிடன்ஸ்' என்ற சொல்லை 'குட் ரிடன்ஸ்' என்ற தொடருக்கு வெளியே கேட்பது அரிது. சனியன் தொலைந்தது என்று நாம் சொல்வோமே, அந்த இடத்தில் வருவது. தமிழிலும் இப்படிப் பிழைத்த சொல் ஒன்று இருக்கிறது. 9ஆம் கேள்வியில் வருகிறது.

7. 'முயற்சி'யா, 'முயற்ச்சி'யா? மகிழ்ச்சிக்கு 'ச்' போடுகிறோமே!

முயற்சி. முயல் + சி, பயில் + சி, சுழல் + சி என்று சேரும்போது 'ல்' என்பது 'ற்' ஆகிறது. 'ற்' வல்லின மெய். அதன் பின்னால் இன்னொரு வல்லின மெய் தமிழில் நிற்காது. ஆகவே முயற்சி, பயிற்சி, சுழற்சி. 'மகிழ்', 'வளர்' போன்ற வினைகளின் கடைசியில் உள்ள 'ழ்', 'ர்' இடையினம். அவற்றின் பின்னால் 'ச்' தாராளமாக வரலாம். கடைப்பலகையில் 'பயிற்ச்சி' என்று கண்டால் பிள்ளையிடம் காட்டி, தவறு எங்கே என்று கேளுங்கள். நல்ல வீட்டுப்பாடம்.

8. 'பொரியல்', 'வறுவல்' எல்லாம் தொழிற்பெயர் என்று பாடத்தில் இருக்கிறது. அவை சாப்பாடு அல்லவா?

இரண்டும்தான். பொரி + அல், வறு + அல், அவி + அல், துவை + அல், வற்று + அல்: வடிவத்தால் எல்லாம் தொழிற்பெயர்கள். செயலின் பெயர் அந்தச் செயலால் உண்டான பொருளுக்கு ஆகி வந்திருக்கிறது. இதற்குத் தொழிலாகுபெயர் என்று பெயர். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இலையில் விழும் பாதி இந்த வகைதான். கூட்டும் குழம்பும்கூட வினைகளே. குழம்புவது குழம்பு; அங்கே விகுதியே இல்லை, வினையடி அப்படியே பெயராக நிற்கிறது. அதை முதனிலைத் தொழிற்பெயர் என்பார்கள். மருத்துவச் செய்திகளில் வரும் 'தொற்று'ம் அந்த வகை.

பொங்கல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. முதலில் பால் பொங்கும் செயல், அடுத்து பானையில் உள்ள சோறு, பிறகு லிட்டில் இந்தியாவில் விளக்கு போடும் திருநாள். உட்காரும் செயல் 'இருக்கை' என்ற நாற்காலியாகி, படுக்கும் செயல் 'படுக்கை' என்ற கட்டிலானதும் இதே வழியில்தான். 'தும்பிக்கை'யை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே உள்ள கை, யானையின் கையேதான்.

9. 'காடு' எப்படி விகுதியாகும்? 'சாக்காடு' என்றால் சாவுக்காடா?

இல்லை. சாக்காடு என்றால் சாதல், அவ்வளவுதான். மரமும் இல்லை, இடமும் இல்லை. இந்த விகுதி ஏற்ற சொற்கள் மிகக் குறைவு: சா + காடு சாக்காடு, வே + காடு வேக்காடு, நோ + காடு நோக்காடு. மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சா, வே, நோ மூன்றும் ஓரெழுத்து வினைகள். விதியாக இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் நினைவில் வைக்க நல்ல பிடி.

மூன்றுக்கும் வாய்த்த விதி வெவ்வேறு. சாக்காடு திருக்குறளில் பல இடங்களில் வருகிறது. உறங்குவது போன்றது சாக்காடு, உறங்கி விழிப்பது போன்றது பிறப்பு என்ற 339ஆம் குறள் எல்லாரும் அறிந்தது. இன்று அது பேச்சில் இல்லை. நோக்காடு, பிள்ளைப்பேற்று வலியைக் குறிக்கும் 'பிள்ளை நோக்காடு' என்ற தொடரில் ஊர்ப்பக்கத்துப் பாட்டிகளின் வாயில் தங்கியது. வேக்காட்டைத்தான் 6ஆம் கேள்வியில் சொன்னேன். 'அரிசி நல்ல வேக்காடு' என்று சொல்பவர் இன்று குறைவு. 'அவன் ஓர் அரைவேக்காடு' என்று திட்டாதவர் யாருமில்லை. வசவு ஒன்று ஒரு விகுதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

10. அப்படியென்றால் சுடுகாடும் இடுகாடும்?

அவை வேறு. சுடுகின்ற இடம், பிணத்தை இடுகின்ற இடம் என்று அங்கே 'காடு' தன் சொந்தப் பொருளிலேயே நிற்கிறது. இலக்கணத்தில் அவை வினைத்தொகைகள், அதாவது காலம் மறைந்து நிற்கும் வினையோடு பெயர் சேர்ந்தவை. சோதிக்க எளிய வழி: 'க்' வந்திருக்கிறதா என்று பாருங்கள். சாக்காடு, வேக்காடு என்று மிகுந்திருக்கும், சுடுகாட்டில் மிகாது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற விதி இங்கே கைகொடுக்கிறது.

11. 'விக்குள்' என்ற சொல்லை அகராதியில் தவிர எங்கும் பார்த்ததில்லை. எதற்காகப் படிக்க வேண்டும்?

விக்கு + உள். இன்று விக்கல் என்கிறோம்; 'உள்' போய் 'அல்' வந்துவிட்டது. நாக்கு அடங்கி விக்குள் மேலெழுவதற்கு முன்பே நல்லது செய்துவிடு என்று 335ஆம் குறளில் வருகிறது. மேலே சொன்ன சாக்காடும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதிகாரத்தின் பெயர் நிலையாமை. அதுவும் 'மை' ஏற்ற எதிர்மறைத் தொழிற்பெயர். அருகிப்போன விகுதிகளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பத்துப் பாடல்களை ஒருமுறை படியுங்கள்.

'உள்' முழுவதும் வழக்கொழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். செய் + உள் தான் செய்யுள்.

12. எங்கள் தேவாலயத்தில் 'தேற்றரவாளன்' என்கிறார்கள். அதில் 'அரவு' என்றால் பாம்பா?

கேட்டவர் சிரிக்காமல்தான் கேட்டார். பாம்பு இல்லை. தேற்று + அரவு தேற்றரவு. துயரில் இருப்பவரைத் தேற்றுதல் என்று பொருள். தேற்றுபவர் தேற்றரவாளன். தமிழ் விவிலியத்தில் யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. பாடநூல் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் 'தோற்றரவு' தோன்றுதலைக் குறிப்பது. அது புத்தகத்தோடு நின்றுவிட்டது, தேற்றரவோ ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒலிக்கிறது. 'உத்தரவு' இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் தமிழ் வினை எதுவும் இல்லை; வடமொழிவழி வந்த சொல்.

13. 'வாரானை' என்றால் வருகின்ற யானை என்று என் மகள் எழுதிவிட்டாள். தவறா?

கற்பனைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், இலக்கணத்துக்கு முடியாது. 'வாரானை' என்றால் வருதல். 'ஆனை' என்ற விகுதிக்கு எல்லாரும் காட்டுகிற எடுத்துக்காட்டு இந்த ஒரு சொல்தான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆறாவது வாரானைப் பருவம்: தளர்நடை போடும் குழந்தையை 'வருக, வருக' என்று அழைத்துப் பாடுவது. அதே பருவத்துக்கு வருகைப் பருவம் என்றும் பெயர் உண்டு. ஒரே வினை, ஒரே பொருள், விகுதி மட்டும் வேறு. 3ஆம் கேள்வியில் விகுதி மாறினால் வேலையும் மாறும் என்று சொன்னேனே, அதற்கு இது விலக்கு.

14. இந்த அரிய சொற்களைக் கட்டுரையில் போட்டால் மொழிநடை சிறக்குமா?

'தாத்தாவின் சாக்காட்டுக்குப் பின் பாட்டி வாடினார்' என்று எழுதிய மாணவன் உண்டு. படித்தவுடன் துயரத்துக்குப் பதில் சிரிப்புதான் வந்தது. நாளிதழின் இரங்கல் பக்கத்தைப் பாருங்கள்: மறைவு என்றோ இறப்பு என்றோ இருக்கும். அவையும் தொழிற்பெயர்களே, இடத்துக்குப் பொருந்தியவை. அரிய விகுதியைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும் என்பது என் கருத்து. தெரிந்ததையெல்லாம் எழுத்தில் காட்ட வேண்டியதில்லை.

15. 'வேகமாக ஓட்டம்' என்று எழுதினால் ஏன் தவறு என்கிறார்கள்? 'வேகமாக ஓடுதல்' மட்டும் சரியாம்!

அலுவலக அறிவிப்பு எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 'தல்' ஏற்ற சொல் பெயரான பிறகும் வினையின் குணத்தை விடுவதில்லை. வேகமாக ஓடுதல், தமிழைக் கற்றல், கவனமாகப் பார்த்தல் என்று 'ஆக', 'ஐ' இரண்டையும் முன்னால் ஏற்கும். ஓட்டம், கல்வி, பார்வை போன்றவை முழுப் பெயராகிவிட்டன. அவற்றுக்கு முன்னால் பெயரடைதான் வரும்: வேகமான ஓட்டம், தமிழ்க் கல்வி, கவனமான பார்வை. 'தமிழைக் கல்வி' என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் 'திட்டத்தை அமலாக்கம்' என்று சுற்றறிக்கையில் எழுதிவிடுகிறார்கள், தவறு ஒன்றேதான்.

'நகரம் விரைவாக வளர்ச்சி அடைகிறது' என்ற வாக்கியத்தைக் காட்டி மடக்குவார்கள். அதில் பிழை இல்லை. 'விரைவாக' என்பது 'அடைகிறது' என்ற வினையைத் தழுவுகிறது, வளர்ச்சியை அன்று.

16. 'கட்டுப்பாடு' என்பதில் 'பாடு' விகுதியா, அல்லது 'படு' நீண்டு வந்ததா? ஆசிரியருக்கு ஆசிரியர் மாற்றிச் சொல்கிறார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வினையின் முதலெழுத்து நீண்டு பெயராவது தமிழில் உண்டு: கெடு கேடு, சுடு சூடு, பெறு பேறு, இடு ஈடு. இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'கட்டுப்படு', 'வழிபடு', 'மேம்படு' என்ற வினைகள் இன்றும் உயிரோடு இருப்பதால் கட்டுப்பாடு, வழிபாடு, மேம்பாடு மூன்றிலும் 'படு' நீண்டிருக்கிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'கோட்பாடு' அப்படி அன்று. 'கோட்படுகிறேன்' என்று இன்று யாரும் பேசுவதில்லை. அங்கே 'பாடு' விகுதி என்ற மரபு விளக்கமே வசதி.

'ஈடு' பக்கமும் ஒரு கேள்வி வரும். தமிழ்நாட்டில் காப்பீடு, இங்கே காப்புறுதி, எது சரி? இரண்டும் சரி. அவர்கள் 'இடு'வை நீட்டினார்கள், நாம் 'உறு'வோடு 'தி' சேர்த்த உறுதியை எடுத்துக்கொண்டோம். இங்குள்ள படிவத்தை நிரப்பும்போது இங்குள்ள சொல்லை எழுதுங்கள்.

17. 'வந்தது' வினைமுற்றா, வினையாலணையும் பெயரா, தொழிற்பெயரா? மூன்று புத்தகத்தில் மூன்று விடை!

வாக்கியத்தைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. 'பஸ் வந்தது' என்பதில் வினைமுற்று. 'முதலில் வந்தது 67ஆம் எண் பஸ்' என்பதில் வந்த பொருளைக் குறிக்கிறது, வினையாலணையும் பெயர். 'பஸ் தாமதமாக வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று' என்பதில் வந்த செயலைக் குறிக்கிறது, தொழிற்பெயர். முதல் கேள்வியில் சொன்ன விலக்கு இதுதான்: 'து' ஏற்ற தொழிற்பெயர் வந்தது, வருவது என்று காலம் காட்டும். 'வந்தமை'யும் அப்படியே.

சோதனை எளிது. அந்த இடத்தில் 'வந்தமை' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடாவிட்டால் தொழிற்பெயர். 'வந்த ஒன்று' என்று மாற்றிப் பொருந்தினால் வினையாலணையும் பெயர். வந்தவன், வந்தவள் என்று வந்தால் குழப்பமே இல்லை, அவை ஆளைத்தான் குறிக்கும்.

இரண்டுக்கும் இடம் தரும் வாக்கியங்களும் உண்டு. 'எனக்குப் பிடித்தது அவள் பாடியது' என்றால் பிடித்தது அவள் பாடிய பாட்டா, அவள் மேடையேறிப் பாடிய செயலா? தனி வாக்கியமாகக் கொடுத்துவிட்டு ஒரே விடை கேட்டால் கேள்விதான் அரைவேக்காடு. பத்திக்குள் வந்தால் முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்துவிட்டு விடை எழுதுங்கள்.